வெனிஸிலிருந்து வந்த தாள்

1937ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் ஒரு மராத்திப் படத்துக்குப் பாராட்டுச் சான்று கொடுத்தார்கள். படம் ‘சந்த் துக்காராம்’. எடுத்தது புணேயின் பிரபாத் ஃபிலிம் கம்பெனி. அந்தச் சான்று கடல் கடந்து புணே வந்தது, சில பத்தாண்டுகள் அங்கே இருந்தது, 1974இல் காணவில்லை என்றானது. பிறகு தெருக்குப்பையில் கிடைத்து, ஒரு மலையாளியின் கைக்குப் போய், 2004இல் மறுபடியும் புணேவுக்கே வந்து சேர்ந்தது. இந்தியாவில் சினிமாவைப் பாதுகாக்கும் வேலை எப்படி நடந்தது, எங்கெங்கே நடக்காமல் போனது என்பதற்கு இந்த ஒற்றைத் தாளைப் போல வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

புணேயை அடுத்த சிஞ்ச்வட்டில் குடியிருப்பவர்களுக்கு, மராத்திப் பக்திக் கவிஞரான துக்காராம் பக்கத்து ஊர்க்காரர். லோகல் ரயிலில் சிஞ்ச்வட்டை அடுத்து ஆகுர்டி, அதையடுத்து தேஹு ரோடு. அங்கிருந்து இந்திராயணிக் கரைக்குப் போனால் அவர் பிறந்த தேஹு. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அவருடைய பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு பண்டரிபுரத்துக்குக் கிளம்பும். ஆகுர்டி விட்டல் கோயிலில் ஓரிரவு தங்கிவிட்டு, பழைய மும்பை–புணே சாலை வழியாகப் போகும். துக்காராமின் இளைய மகன் நாராயண மகராஜ் 1685இல் தொடங்கிவைத்த வழக்கம் இது. தாளமும் தம்புராவுமாக வார்க்கரிகள் என்னும் பண்டரிபுர யாத்திரிகர்கள் வரும் அந்த நாளில் கம்பெனிப் பேருந்துகள்கூட ஒதுங்கித்தான் நிற்கும்.

சிஞ்ச்வட்டுக்கென்றே ஒரு துக்காராம் கதையும் உண்டு. இங்கே பவனா ஆற்றங்கரையில் மோரயா கோசாவியின் சமாதிக் கோயில் இருக்கிறது. அவர் மகன் சிந்தாமணி தேவ் துக்காராமைச் சாப்பாட்டுக்கு அழைத்தாராம். வந்தவர், கூடவே இரண்டு இலை போடுங்கள் என்றாராம். ஒன்று விட்டலனுக்கு, ஒன்று கணபதிக்கு. இருவரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று முடிகிறது கதை. கடவுளைப் பந்திக்குக் கூப்பிடும் இந்த உரிமையும் நெருக்கமும்தான் துக்காராம் கதைகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. பிரபாத் எடுத்த படத்தின் உயிரும் அதுதான்.

படத்தை இயக்கியவர்கள் இருவர். விஷ்ணுபந்த் கோவிந்த் தாம்லே 1892இல் பிறந்தவர், ஷேக் ஃபத்தேலால் 1886இல். ஊரில் ஒருவர் தாம்லேமாமா, மற்றவர் சாஹேப்மாமா. இருவரும் கோலாப்பூரில் பாபுராவ் பெயின்ட்டரிடம் தொழில் கற்றவர்கள். பெயின்ட்டர் திரைச்சீலை வரைகிற ஓவியர். இந்திய சினிமாவின் முன்னோடி ஃபால்கேயின் படத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து, தாமே படமெடுக்கக் கிளம்பியவர். வெளியிலிருந்து கேமரா வாங்க வழியில்லாத காலத்தில், தாம்லேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேமராவைத் தம் கையாலேயே செய்தார். அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு மரவேலை, இரும்பு வேலை, வர்ணம், வெளிச்சம் எல்லாம் ஒரே தொழிலின் பகுதிகள். தாம்லே பின்னாளில் பிரபாத்தின் ஒலிப்பதிவுக்குப் பொறுப்பேற்றதும், ஃபத்தேலால் அதன் கலை இயக்குநரானதும் அந்தப் பழக்கத்தால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயின்ட்டரின் முதல் படம் ‘சைரந்திரி’ (1920), கீசகனைப் பீமன் வதைக்கும் கதை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் முழுநீளப் படம் ‘கீசக வதம்’; அதுவும் அதே கதை. மோட்டார் உதிரிபாக வியாபாரியான முதலியார் கேமரா பிடிக்கக் கற்றது இதே புணேயில், இங்கே வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார ஒளிப்பதிவாளரிடம். தமிழ் சினிமாவின் முதல் பாடம் இந்த ஊரில் படிக்கப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ‘சைரந்திரி’யும் ‘கீசக வத’மும் இன்று இல்லை. ஒரே கதை, இரண்டு ஊர், இரண்டும் போயின.

1929 ஜூன் 1ஆம் தேதி கோலாப்பூரில் பிரபாத் பிறந்தது. சாந்தாராம், தாம்லே, ஃபத்தேலால், கேசவராவ் தைபர் ஆகியோர் தொழில் தெரிந்த பங்காளிகள். சீதாராம்பந்த் குல்கர்ணி பணம் போட்டவர். 1933இல் கம்பெனி புணேவுக்கு இடம்பெயர்ந்தது. தமிழிலும் அவர்கள் ஒரு படம் எடுத்தார்கள்: ‘சீதா கல்யாணம்’ (1934). எஸ். ராஜம் ராமராக வந்தார். பின்னாளில் வீணை எஸ். பாலசந்தர் என்று நாடறிந்த அவர் தம்பி சின்னப் பையனாக அதில் கஞ்சிரா வாசித்தார்.

‘சந்த் துக்காராம்’ 1936 டிசம்பர் 12 அன்று பம்பாய் சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. அங்கே 57 வாரம் ஓடியது. ஓராண்டைத் தாண்டி ஒரே அரங்கில் ஓடிய முதல் இந்தியப் படம் அதுதான். துக்காராமாக நடித்த விஷ்ணுபந்த் பாக்னிஸ் நாடக மேடையில் பெண் வேடம் கட்டிப் பழகியவர், பஜனைப் பாடகர். மனைவி ஜிஜாயியாக நடித்த கௌரி, பிரபாத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தவர், நடிப்புப் பயிற்சி எதுவும் பெறாதவர். படத்துக்கென்று சாந்தாராம் ஆடவலே எழுதிய ஒரு பாடல் துக்காராமின் பக்திப் பாடல்களான அபங்கங்களின் அச்சில் அப்படியே பொருந்திப்போனதால், துக்காராமே பாடியது என்று ஊர் நம்பிவிட்டது. கவிஞனுக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது என்றே நினைக்கிறேன்.

படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் கண்ணெடுக்காமல் பார்ப்பது பாக்னிஸை அல்ல, கௌரியைத்தான். கணவர் கடவுளைப் பாடிக்கொண்டிருக்கிறார். வீட்டில் அடுப்பெரியவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். ஜிஜாயி கையில் செருப்போடு கோயிலுக்குள் நுழைந்து விட்டலனையே மிரட்டுகிறாள். பக்திப் படமென்றால் இப்படி ஒரு பெண்ணை வில்லியாக்குவார்கள், அல்லது கடைசியில் திருத்துவார்கள். தாம்லேயும் ஃபத்தேலாலும் இரண்டையும் செய்யவில்லை. அவள் கோபம் நியாயமென்று அவர்களுக்குத் தெரியும். முடிவில் வைகுண்டத்துக்கு அழைக்க விமானம் வந்து நிற்கும்போதும், உடன் வரச் சொல்லும் கணவரிடம், வீட்டை யார் பார்ப்பது, பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்ற கணக்கில்தான் அவள் நிற்கிறாள். அற்புதங்களுக்கு நடுவே பசியை மறக்காத படம் இது. தேஹுவின் தெருவையும் விட்டலன் கோயிலையும் அரங்கில் எழுப்பியவர் ஃபத்தேலால் என்ற இஸ்லாமியர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோயிலில் போலித்தனம் ஒரு துளி இல்லை.

மறுவருஷம் படப்பெட்டி இத்தாலிக்குப் போனது. அப்போது வெனிஸ் விழா முசோலினி ஆட்சியின் அரவணைப்பில் நடந்தது. வெளிநாட்டுப் படத்துக்கான பெரிய கோப்பைக்கே அவர் பெயர்தான். 1937இல் அதைப் பெற்றது ஜூலியன் துவிவியேயின் பிரெஞ்சுப் படம். ‘சந்த் துக்காரா’முக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. உலகின் தலைசிறந்த மூன்று படங்களில் ஒன்று என்று மகாராஷ்டிரத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.  அந்தப் பாராட்டை எழுதிக் கொடுத்த தாள்தான் நம் கதையின் தாள்.

வந்த தாளுக்கு நல்ல வீடு கிடைத்தது, ஆனால் வீடு நிலைக்கவில்லை. 1942இல் சாந்தாராம் விலகி பம்பாய்க்குப் போய்த் தம் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 1945இல் தாம்லே இறந்தார். 1953இல் பிரபாத் மூடப்பட்டது. தாம்லேயும் ஃபத்தேலாலும் ‘கோபால் கிருஷ்ணா’, ‘சந்த் ஞானேஸ்வர்’, ‘சந்த் சக்கு’ என்று சேர்ந்து எடுத்தவை எல்லாம் அதற்கு வெகு முன்பே முடிந்துபோனவை. பிரபாத்தின் வளாகத்தில் 1960இல் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது, இன்று எஃப்.டி.ஐ.ஐ. என்று நாம் சொல்வது அதுதான். ஃபத்தேலால் 1964இல் காலமானார். அதே ஆண்டு, அதே ஊரில், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறந்தது. ஒரு கம்பெனி மூடப்படும்போது நாற்காலிக்கு விலை போட ஆள் வரும், விளக்குகளுக்கும் வரும், நிலத்துக்கு நிச்சயம் வரும். கடிதக் கட்டுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சுவரில் மாட்டிய சட்டத்துக்கும் யாரும் விலை கேட்பதில்லை. அவை அலமாரி அலமாரியாக, கை கையாக நகர்ந்து ஒருநாள் கண்ணில் படாமல் போகும்.

1974இல் அந்தச் சான்று தொலைந்ததாகச் சொன்னார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எஃப்.டி.ஐ.ஐ. மாணவராக இருந்தவர் சன்னி ஜோசஃப். பின்னாளில் ‘பிறவி’க்கு ஒளிப்பதிவு செய்தவர். லா காலேஜ் ரோட்டில் குப்பையிலிருந்து ஒரு சிறுவன் எடுத்த தாள் அவர் கையில் வந்து சேர்ந்தது. அவரே இதைச் சொல்லியிருக்கிறார். இத்தாலிய மொழித் தாளை அந்தச் சிறுவனால் படித்திருக்க முடியாது. ஆனால் இது சும்மா விட்டெறிய வேண்டியதில்லை என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. இந்தப் பயணத்தில் மிக முக்கியமான கை அவனுடையது. பங்கார் எனும் பழைய சாமான் கடையில் எடைக்கு எடை போயிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். குப்பை கிடந்த சாலையில்தான் எஃப்.டி.ஐ.ஐ.யும் இருக்கிறது, ஆவணக் காப்பகமும் இருக்கிறது. வெனிஸ் தாளைக் காக்கவென்றே ஏற்பட்டது போன்ற இரண்டு நிறுவனங்களின் வாசல் நடுவே அது கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கலங்குகிறது.

தொலைந்துபோன சினிமாவைத் தேடிப் போவதையே ஒரு முழுப் படமாக எடுத்த இயக்குநர் ஒருவர் உண்டு. கிரேக்கத்தின் தியோ ஆஞ்சலோபுலஸ். 1935இல் ஏதென்ஸில் பிறந்தார். 1944 டிசம்பரில், உள்நாட்டுக் கலவரத்தில், அவர் தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது வயதுப் பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையாகக் கிடந்த பிணங்களுக்கு நடுவே அப்பாவைத் தேடினான். அப்பா பின்னர் உயிரோடு நடந்து வந்தார். அந்தத் தேடலும் அந்த வருகையும் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வேறு வேறு உருவில் வரும். சட்டம் படித்தவர், பாரிஸில் சினிமா படிக்கப் போய் வெளியேற்றப்பட்டவர், ஏதென்ஸ் திரும்பி ஓர் இடதுசாரி நாளிதழில் விமர்சனம் எழுதியவர். 1967இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த நாளிதழ் மூடப்பட்டது. ராணுவ ஆட்சியின் காலத்திலேயே படமெடுக்கத் தொடங்கி, ‘நாடோடி நடிகர்கள்’ (1975) என்ற ஏறத்தாழ நான்கு மணி நேரப் படத்தில் தம் நாட்டின் பதின்மூன்று ஆண்டுகளைச் சொன்னார். வெட்டாமல் நீளும் காட்சிகள் அவருடைய கையெழுத்து. ஒரே காட்சிக்குள் ஆட்கள் தெருவில் நடக்க நடக்க ஆண்டு மாறிவிடும்.

‘யுலிஸஸின் பார்வை’ (1995) படத்தில், அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் ஓர் இயக்குநர், மனாக்கி சகோதரர்கள் எடுத்த, கழுவப்படாத மூன்று சுருள்களைத் தேடி பால்கன் நாடுகளெங்கும் அலைகிறார். மனாக்கிகள் கற்பனை இல்லை. யனாக்கி, மில்டன் என்ற அந்த இருவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து கேமரா வரவழைத்து, தங்கள் கிராமத்தில் நூல் நூற்கும் பாட்டியைப் படம் பிடித்தவர்கள். பால்கன் பகுதியில் முதன்முதலாக எடுக்கப்பட்ட படங்களில் அது ஒன்று. அவர்கள் பித்தோலா நகரில் நடத்திய கொட்டகை 1939இல் எரிந்துபோனது. ஆஞ்சலோபுலஸின் நாயகன் கடைசியில் குண்டு விழும் சரயேவோவில் அந்தச் சுருள்களைக் கண்டெடுக்கிறான். யுத்தத்தின் நடுவிலும் அவற்றை ஒளித்துவைத்து, கழுவும் ரசாயனக் கலவையைத் தேடிப்பிடிக்கிறவர் ஒரு வயதான ஆவணக் காப்பாளர். படத்துக்குக் கான் விழாவில் பெரும் பரிசு; மூன்றாண்டு கழித்து அடுத்த படத்துக்கு அங்கேயே தங்கப் பனை. 2012 ஜனவரி 24 அன்று, பிரேயஸ் துறைமுகம் அருகே படப்பிடிப்பில் இருந்தபோது மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். எடுத்துக்கொண்டிருந்த படம் முற்றுப்பெறவில்லை.

அவர் படத்தில் கற்பனையாக வரும் அந்தக் காப்பாளரைப் புணே நிஜமாகவே வைத்திருந்தது. திருவனந்தபுரத்தில் 1933இல் பிறந்த பி.கே. நாயர், 1961இல் ஆராய்ச்சி உதவியாளராகப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தார். காப்பகம் தொடங்கியதிலிருந்து 1991இல் ஓய்வு பெறும்வரை, கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் படங்களைத் திரட்டினார். நாசிக்கில் ஃபால்கேயின் பிள்ளைகளிடம் போய், கிடைத்த துண்டுகளை வாங்கிவந்து, ஃபால்கேயின் குறிப்புகளை வைத்து ‘காலிய மர்தன்’ (1919) படத்தைக் கோத்தெடுத்தார். திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கடைக்காரர் வசம் இருந்த ‘மார்த்தாண்ட வர்மா’ பிரதியையும் மீட்டார். தெற்கே எடுத்த மௌனப் படங்களில் இன்று முழுசாகப் பார்க்கக் கிடைப்பது அது ஒன்றுதான். ‘ஆலம் ஆரா’ (1931) அவர் கைக்கும் எட்டவில்லை. இந்தியாவின் முதல் பேசும் படத்தின் ஒரு பிரதிகூட இன்று உலகில் இல்லை.

ஏன் இப்படிப் போயின? பழைய சுருள் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளில் ஆனது. எரியத் தொடங்கினால் தண்ணீருக்குள்ளும் எரியும், எரிவதற்கான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால். எரியாவிட்டாலும் சும்மா இருக்காது. நாளடைவில் பிசுபிசுத்து, ஒட்டி, கடைசியில் தூளாகும். அதன் மேல்பூச்சில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்துக்கு மறு மதிப்பில்லாத காலத்தில் வெள்ளிக்காகச் சுருள்களைக் கரைத்தார்கள்; மிச்சமிருந்த செல்லுலாய்ட் வளையல் பட்டறைக்குப் போனது. தமிழில் நாம் இழந்ததற்கும் இதே காரணங்கள்தாம். 1938இல் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் பி.என். ராவ் இயக்கத்தில் தமிழிலும் துக்காராம் கதை எடுக்கப்பட்டது. துக்காராமாக நடித்தவர் முசிரி சுப்பிரமணிய ஐயர். அவர் நடித்த ஒரே படம். பிரபாத்தின் துக்காராமை நாம் எந்த நேரத்திலும் பார்க்கலாம். முசிரியின் துக்காராம் எங்கும் கிடைக்கவில்லை.

நாயர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டாண்டு கழித்து, 2003 ஜனவரியில், எஃப்.டி.ஐ.ஐ. வளாகத்தில் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்தது. பழைய இந்தியப் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் அதில் போயின. பாதுகாப்பான பிலிமுக்கு முன்னமே நகலெடுத்திருந்தவை பிழைத்தன. ‘சந்த் துக்காராம்’ இன்று நமக்கு இருப்பது நகலெடுத்தவர்களின் தயவால்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2004 மார்ச் 23 அன்று, சன்னி ஜோசஃப் வெனிஸ் தாளைக் காப்பகத்திடம் ஒப்படைத்தார். மாணவனாகப் புணேயில் கைக்கு வந்ததை, ஒளிப்பதிவாளராகத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தபோதும் பத்திரமாக வைத்திருந்தார். ஜிஜாயியின் கோபத்துக்குப் பாராட்டு எழுதியிருந்த தாள், தீயில் பல சுருள்களை இழந்து நின்ற ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. துக்காராமின் அபங்கச் சுவடிகளை இந்திராயணியில் போட்டுவிட்டார்கள், அவர் பதின்மூன்று நாள் கரையில் பட்டினி கிடந்தார், சுவடிகள் நனையாமல் மிதந்து வந்தன என்று தேஹுவில் சொல்வார்கள். படத்திலும் அந்தக் காட்சி உண்டு. பக்தர்களுக்கு அது விட்டலன் செயல். தாள் விஷயத்தில் அதைச் செய்தவர்கள் பெயர் தெரியாத ஒரு சிறுவனும் ஒரு மாணவரும்.

2022 முதல் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எஃப்.டி.சி.) கீழ் இயங்குகிறது. லா காலேஜ் ரோட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. சிஞ்ச்வட்டிலிருந்து ரயிலேறி சிவாஜி நகரில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம். பிம்ப்ரியிலும் சிஞ்ச்வட்டிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஊரில் தாத்தா டூரிங் கொட்டகை நடத்தியவராக இருக்கலாம், மாமா படப்பெட்டி தூக்கியவராக இருக்கலாம். அந்த வீடுகளின் பரணில் தகர டப்பா இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்ததும் புளித்த காடி நாற்றம் வந்தால், அது பிற்காலத்து அசிடேட் சுருள். கெட ஆரம்பித்துவிட்டது, தாமதிக்கக் கூடாது. சுருள் பழுப்பேறிப் பிசுபிசுப்பாக இருந்தால் நைட்ரேட்டாக இருக்கக்கூடும். அடுப்பு, சிகரெட், வெயில் எதன் பக்கத்திலும் கொண்டுபோகாமல், நிழலில் காற்றாட வைத்து, காப்பகத்துக்குச் சொல்லுங்கள். சுருளே வேண்டுமென்பதில்லை. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், கொட்டகைக் கணக்கு நோட்டு எல்லாம் அவர்களுக்கு வேண்டும். முசிரியின் துக்காராமுக்கு ஒரே ஒரு பாட்டுப் புத்தகம் யார் வீட்டிலாவது கிடைத்தாலும், அந்தப் படத்தின் பாட்டு வரிகளாவது நம் கைக்கு வரும்.